ஈ, தா, கொடு

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்பு ஒன்று நடந்தது. சுற்றுவட்டாரக் காலனிகளிலிருந்து நாற்பது பேர் வந்திருந்தோம். மனைப் பட்டா, பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை என்று ஊருக்கொரு வழக்கு. மதியம் சாம்பார் சாதம் போட்டு, அதற்கப்புறம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்த தாள். இடப்பக்கம் சொல்லக் கூடாதது, வலப்பக்கம் சொல்ல வேண்டியது. 'எங்களுக்கு உடனே பட்டா தர வேண்டும்' இடப்பக்கம். 'பட்டா வழங்குவது குறித்துத் தாங்கள் பரிசீலித்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்' வலப்பக்கம். 'இது எங்கள் உரிமை' இடம். 'தங்கள் மேலான கவனத்திற்கு' வலம். நெருக்கிப் பேசினால் எதிரில் இருப்பவர் மனசு மூடிக்கொள்ளும், இதமாகச் சொன்னால் அவரே இறங்கி வருவார் என்று பயிற்சியாளர் விளக்கினார். நல்ல மனுசர். அவர் குரலும் இதமாகத்தான் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்க பெரியம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. படிக்கத் தெரியாது. "இன்னாடா எழுதிக்கீது இதுல?"ன்னு கேட்டாங்க. வலப்பக்கத்தைப் படித்துக் காட்டினேன். "இத்தத்தான உங்க நைனா ஆயுசுக்கும் எழுதிக்கினு கெடந்தாரு" என்று சொல்லித் தாளை மடித்து வெத்தலைப் பையில் வைத்துக்கொண்டாங்க.

அந்தத் தாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நைனாவின் மனுக்களையும் எடுத்துப் படிக்காமல் எழுத முடியவில்லை.

நைனா ரயில்வேயில் கேங்மேன். எட்டாவது வரைக்கும் படித்தவர். காலனியில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் தலைமுறை. ஊருக்கே மனு எழுதினார். தகரப் பெட்டியில் கார்பன் நகல்கள் இருபத்து மூன்று கிடக்கின்றன. முதல் மனு 1979. எல்லாமே ஒரே விசயம்தான்: சுடுகாட்டுக்குப் போகிற வழி. கிராம வரைபடத்தில் பன்னிரண்டு அடி வண்டிப்பாதை. நிலத்தில் பார்த்தால் அது ஊர்த்தெருக்காரர் வயலுக்குள் போய்விட்டது. மழைக்காலத்தில் பொணத்தைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் வரப்பில் நடக்கணும். வரப்பு சரிந்து பாடையோடு விழுந்த கதைகள் எங்க தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு.

மனுக்களின் நடையைப் பாருங்கள். 'ம.ரா.ரா.ஸ்ரீ தாசில்தார் ஐயா அவர்கள் சமூகத்திற்கு' என்று தொடங்குகிறது. 'ஏழை எளிய அரிசன மக்களாகிய நாங்கள்' என்று போகிறது. 'கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்' என்று முடிகிறது. பாதை பன்னிரண்டு அடி என்பதும், அதன் சர்வே நம்பரும் நடுவில் எங்கோ ஒரு வரியில் கூச்சத்தோடு ஒளிந்துகொண்டிருக்கின்றன. முதல் இருபது மனுக்களில் 'வேண்டும்' என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. 'வேண்டுகிறேன்' பக்கத்துக்குப் பக்கம்.

தமிழ் படித்தவனுக்கு இது உறுத்தும். இரண்டும் ஒரே வேர். ஆனால் 'எங்களுக்குப் பாதை வேண்டும்' என்றால் பாதைதான் முன்னால் நிற்கிறது. நாங்கள் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறோம். கேட்பவன் எப்படிப்பட்டவன், நல்லவனா, ஏழையா, குடிகாரனா என்ற கேள்விக்கே இடமில்லை. 'வேண்டுகிறேன்' என்றால் நான் எழுவாய் ஆகிறேன். அதுவும் கைகூப்பி நிற்கிற எழுவாய். பாதை எங்கோ போய்விடுகிறது. மனுவைப் படிக்கிற அதிகாரிக்குப் பாதை தெரியாது, கும்பிடுகிற ஆள் மட்டும்தான் தெரியும். கும்பிடுகிறவனுக்கு என்ன பதில்? ஒரு தலையசைப்புப் போதும்.

அந்தத் தலையசைப்பும் பெட்டியில் இருக்கிறது. ஐந்து பதில்கள். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' 'மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது.' 'உரிய அலுவலருக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது.' யார் பரிசீலிக்கிறார், யார் அனுப்பினார், யாருக்கு அறிவுறுத்தினார்? ஒன்றிலும் எழுவாய் கிடையாது. கேட்கிறவன் தன் உடம்பையே எழுவாயாக வைத்து எழுதுகிறான். பதில் சொல்கிறவர் எழுவாயை மறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறார். இரண்டு பக்கமும் மரியாதையான தமிழ்தான். பயிற்சியாளர் பார்த்தால் இரண்டையும் வலப்பக்கத்தில் சேர்ப்பார்.

எம்.ஏ. படிக்கும்போது தொல்காப்பியம் எச்சவியலில் ஒரு இடம் வந்தது. ஈ, தா, கொடு என்ற மூன்றும் ஒருவரிடம் ஒன்றைக் கேட்கிற சொற்கள். பொருள் ஒன்றுதான். ஆனால் இழிந்தவன் கேட்டால் 'ஈ', ஒப்பானவன் கேட்டால் 'தா', உயர்ந்தவன் கேட்டால் 'கொடு'. மொழியின் நுட்பத்துக்கு எடுத்துக்காட்டு என்று வகுப்பில் ரசித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் ரசித்து எழுதி மார்க் வாங்கினேன். கேட்கிறவன் யார் என்று பார்த்துத்தான் அவனுக்குச் சொல்லே அளந்து போடப்படும் என்பது அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. எங்க தெருவில் 'ஈ' எப்பவோ செத்துப்போச்சு. ஈ என்றால் மொய்க்கிற ஈதான். யாரைப் பார்த்தாலும் 'குடு'தான். 'பேசத் தெரியாத பசங்க' என்று எங்களுக்குப் பேர் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சொல் செத்தாலும் அதன் வேலையை இப்போது 'பரிசீலித்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்' செய்கிறது. அந்தத் தாள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது 'ஈ'யைத்தான்.

அவர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரியில் நர்சம்மாவிடம் 'அக்கா கொஞ்சம் பாருங்களேன்' என்றால் வேலை நடக்கிறது. பஸ்ஸில் 'கொஞ்சம் நகந்துக்கறீங்களா' என்றால் இடம் கிடைக்கிறது. இங்கெல்லாம் கேட்கப்படுகிறவருக்குப் பெரிசாக ஒன்றும் போய்விடாது. இதமாகக் கேட்டால் தண்ணி தருவான். (எல்லாத் தெருவிலும் தர மாட்டான், அது வேற கதை.) பன்னிரண்டு அடி நிலம் தருவானா?

செங்கல்பட்டுச் சீமையில் 'இதமாகச் சொல்லிப் பார்ப்போம்' என்பதற்கு நூற்று முப்பது வருசத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது. 1891ல் இங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 'செங்கல்பட்டுப் பறையர் பற்றிய குறிப்பு' ஒன்றை எழுதி அரசாங்கத்துக்குக் கொடுத்தார். நம் பக்கங்களில் அவரைப் புகழ்ந்து நிறைய எழுதியாகிவிட்டது. நான் பேச வருவது அதன் நடையைப் பற்றி. அதில் யாருடைய கருணைக்கும் வேலை இல்லை. குடிசை நிற்கிற மனைகூட மிராசுதாரருடையது, எதிர்த்து வாயைத் திறந்தால் மனையைக் காலி பண்ணச் சொல்லலாம், கடன் பத்திரம் ஆளையே கட்டிப்போடுகிறது என்று ஒவ்வொன்றாக அடுக்கி வைத்து, மனையும் நிலமும் கொடு என்று முடிக்கிறார். அவர் கத்தவில்லை. கத்த வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அவர் கலெக்டர். அப்படியிருந்தும் வருவாய் வாரியம் அவர் சொன்னதை அப்படியே ஏற்கவில்லை.

1892 செப்டம்பர் 30ல் 1010, 1010அ என்று அரசாணைகள் வந்தன. பஞ்சமி நிலம், பதிவேட்டில் டி.சி. நிலம் என்று நாம் சொல்வதெல்லாம் இங்கிருந்து தொடங்குவது. பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அப்புறமும் நம் மக்களுக்குத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தரிசு நிலம் ஒப்படை ஆனது. ஆனால் மனை விசயத்தில், சட்டம் போட்டு மிராசுதாரரை நெருக்க அரசாங்கத்துக்கு மனம் வரவில்லை. பேசிச் சரிக்கட்டலாம், சம்மதிக்க வைக்கலாம், பகைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் போனார்கள். யாரிடம் இதமாகப் பேசினார்கள் என்று கவனியுங்கள். வேளாள மிராசுதாரரிடம், பிராமண மிராசுதாரரிடம். சேரியில் கேட்டது தலையாரியின் அதட்டல் மட்டும்தான். இதமான மொழிக்கு ஆள் பார்த்து வரும் பழக்கம் உண்டு.

நம்மவர்கள் இதமாகவே பேசியதில்லையா? பேசியிருக்கிறார்கள். இந்த மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் 1924ல் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுத் தெருவிலும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், அலுவலகங்களில் சாதி இந்துக்களைப் போலவே புழங்கலாம் என்பது அதன் சாரம். அதே வருசம் செப்டம்பர் 25ல் அரசாணை ஆனது. அந்த வாசகத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அதில் அதட்டல் இல்லை, ஆவேசம் இல்லை. இப்படி நடப்பதற்கு 'ஆட்சேபணை இல்லை' என்ற அளவோடு அது நிற்கிறது. இதைவிட மெல்லிய சொல் தமிழிலும் கிடைக்காது, இங்கிலீசிலும் கிடைக்காது. ஆனால் நைனாவின் மனுவுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். சீனிவாசன் ஊர்த்தெருக்காரரிடம் எதையும் கேட்கவே இல்லை. நடப்பவன் ஒருவன் இருக்கிறான், அதற்கு யாருடைய அனுமதியும் தேவை இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். குனிந்து எழுதிய தாழ்மையின் சாயலே அதில் இல்லை. நிமிர்ந்து நின்று பேசிய மரியாதை.

அதன் குறையையும் சொல்லணும். தடுத்தால் என்ன தண்டனை என்று அந்த வாசகத்தில் இல்லை. சர்க்காருக்கு ஆட்சேபணை இல்லை, சரி. ஊர்க்காரனுக்கு இருந்ததே! அதே காலத்தில் பம்பாய் மாகாணத்திலும் இதேதான். 1923ல் போலே கொண்டுவந்த தீர்மானம் பொதுக் குளங்களைத் திறந்துவிட்டது. மகாத் நகராட்சியும் 1924ல் சவ்தார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்தே இருந்தது. 1927 மார்ச் 20ல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளியபோதுதான் நிஜமாகத் திறந்தது. அதற்கு நம்மவர்கள் அன்றைக்கே அடியும் வாங்கினார்கள். தடுப்பவனுக்குத் தண்டனை என்று நாடு முழுக்கப் பொதுச் சட்டம் எழுத 1955 வரை ஆனது. அதற்குப் பல் முளைக்க 1989.

இந்த விவகாரத்தை நம்மில் முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் அம்பேத்கர்தான். 1932ல் பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு காந்தியார் தரப்பில் தீண்டாமை ஒழிப்புச் சங்கம் தொடங்கினார்கள். சாதி இந்துக்களின் மனசை மாற்றுவது அதன் வழி. அந்த நவம்பரில், லண்டனுக்குப் போகிற கப்பலிலிருந்து சங்கத்துச் செயலாளர் தக்கருக்கு அம்பேத்கர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அறிவுரை சொல்லி மெல்ல மெல்ல மனசை மாற்றுவதை நம்பி இருக்காதீர்கள், கிணற்றிலும் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் உரிமையை நிலைநாட்டுங்கள், நெருக்கடி வந்தால்தான் பழக்கத்தில் ஊறிப்போனவன் உட்கார்ந்து யோசிப்பான் என்பது அதன் சாரம். கடிதத்தை வாசித்துப் பாருங்கள், வசை ஒன்றுகூடக் கிடையாது. மரியாதையாக எழுதிய கடிதம். 1936ல் லாகூர்க்காரர்கள் 'சாதியை அழித்தொழித்தல்' உரையைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளச் சொன்னபோது ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்று எழுதினாரே, அந்தக் கடிதமும் அப்படித்தான். மரியாதையை அவர் தாராளமாகவே கொடுத்தார். சொல்ல வந்த விசயத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தாளைத் தயாரித்தவர்கள் மரியாதையையும் விசயத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். அங்கேதான் கோளாறு.

(நம் எழுத்தைப் பற்றியும் இதே பாட்டுத்தான் பாடப்பட்டது. 1992ல் பாமாவின் 'கருக்கு' வந்து தலித் எழுத்து என்ற பேச்சு ஊன்றிய காலத்திலிருந்து 'விசயம் சரி, தொனி சரியில்லை' என்று இலக்கியப் பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். என் கதை ஒன்றையும் ஒரு பத்திரிகையில் 'கோபத்தைக் கொஞ்சம் குறைத்தால் போடலாம்' என்று திருப்பி அனுப்பினார்கள். கோபத்தை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். பாத்திரங்கள் எல்லாம் மனு எழுதிக்கொண்டிருந்தன.)

1994க்கு வருகிறேன். மாமல்லபுரத்துப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்தது. நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10ல் செங்கல்பட்டில் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். அவர்கள் கேட்டது புதுசாக ஒன்றுமில்லை. நூற்றிரண்டு வருசத்துக்கு முன்னால் சர்க்காரே எழுதிக் கொடுத்ததை நடத்திக் காட்டச் சொன்னார்கள். அதற்குமுன் எத்தனை மனு, எத்தனை தாழ்மை, எத்தனை 'மேலான கவனம்' போயிருக்கும்! மனுக்களை யாரும் சுடுவதில்லை. யாரும் படிப்பதும் இல்லை.

அன்றைக்கு நைனாவும் செங்கல்பட்டில் இருந்தார். எனக்கு அப்போது ஐந்து வயசு. ராத்திரி வெகுநேரம் கழித்து ஒரு கால் செருப்போடு வந்தார் என்பது மட்டும் ஞாபகம். அப்புறம் பல மாசம் மனு எழுதவில்லை. இருபத்தொன்றாவது நகல் 1995ல் எழுதியது. முக்கால் பக்கம்தான். மேலே சர்வே நம்பர். பாதையின் அகலம். அதற்குக் கீழே: 'இனி எங்கள் காலனியில் இறப்பு ஏற்பட்டால் மேற்படி பாதை வழியாகவே எடுத்துச் செல்வோம் என்பதைத் தங்களுக்கு மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' அவ்வளவுதான். ஏழை எளிய இல்லை. கருணை இல்லை. 'வேண்டுகிறேன்' இல்லை, 'வேண்டும்' கூட இல்லை. இப்படிக்கு என்று போட்டு ஐம்பத்தாறு கையெழுத்தும் கைநாட்டும்.

யோசித்துப் பார்த்தால், பயிற்சி வகுப்பு கேட்ட எல்லாமே அதில் இருக்கிறது. நெருக்கவில்லை. எதையும் கேட்கவில்லை. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஈயும் இல்லை, தாவும் இல்லை, கொடுவும் இல்லை. தொல்காப்பியருக்கு வேலையே வைக்காத நடை. பத்தாம் நாள் ஆர்.ஐ. சங்கிலியோடு வந்து அளந்தார். பன்னிரண்டு அடியில் எட்டு அடி கிடைத்தது. அந்த வழியில் போன முதல் பொணம் எங்க ஆயாவுடையது. போலீஸ் நின்றுகொண்டிருந்தது, மேளம் அடித்துக்கொண்டு போனோம்.

கடிதத்தின் நடையாலா கிடைத்தது? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. செங்கல்பட்டில் இரண்டு பேர் விழுந்த அடுத்த வருசம் அது. இன்னொரு காரணை வேண்டாம் என்ற பயம் ஆர்.ஐ.யின் சங்கிலியில் இருந்தது. ஆனால் எழுதினவருக்கு என்ன ஆனது என்பதும் முக்கியம். அதற்குப் பிறகு எழுதிய இரண்டு நகலிலும் கையெழுத்துக்கூட மாறியிருக்கிறது. எழுத்துகள் கொஞ்சம் பெரிசாகிவிட்டன.

மீதி நாலு அடியை இப்போது மனைப்பிரிவு போட்ட ஒருவர் வேலிக்குள் வளைத்திருக்கிறார். அதற்குத்தான் நான் அந்த வகுப்புக்கே போனேன். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும், எங்க தெருப் பெண்கள் எட்டுப் பேரை நிறுத்தி, "நாளைக்குத் திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள். எல்லாரும் வந்தே ஆகணும். வராதவங்க அப்புறம் பாதை வேணும்னு பேசக் கூடாது" என்றேன். சொல்லும்போது தப்பாகத் தெரியவில்லை. இயக்கத்தில் நாங்கள் இப்படித்தான் பேசுவோம். பெரியம்மா வெத்தலைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் கையில் கொடுத்தாங்க.

"இத்த நீ வச்சிக்கோ. நாங்க அவங்கிட்ட எப்புடிப் பேசணும்னு சொல்லிக்குடுத்தியே, நீ எங்கிட்ட எப்புடிப் பேசணும்னு இதுல எதனா எழுதிக்கீதா பாரு. காலைல அஞ்சரைக்குக் கம்பெனி வேன் வருது. ஒருநாள் நின்னா சூப்பர்வைசரு ரெண்டு நாள் கூலி பிடிப்பான். நீ கலெக்டர்கிட்ட கை கட்டுவ, எங்களாண்ட வெரல ஆட்டுவ."

எனக்குச் சுருக்கென்றது. தாளின் வலப்பக்கத்தில் இருந்த சொற்கள் பெரியம்மாவுக்கு ஆயுசில் ஒருமுறையாவது சொல்லப்பட்டிருக்குமா? 'உங்களுக்கு எப்ப தோதுப்படும்', 'முடிஞ்சா வர்றீங்களா', 'நீங்க இன்னா நெனைக்கிறீங்க' என்று யார் கேட்டார்கள்? ஊர்த்தெருவில் வயசில் சின்னவன் 'ஏய்' என்கிறான். கம்பெனியில் சூப்பர்வைசர் அதட்டுகிறான். வீட்டில் பெரியப்பா இருந்தவரைக்கும் அவர் மாதிரி. இயக்கம் என்று வந்த நானும் 'வந்தே ஆகணும்'. இதமாகப் பேசு, நிர்ப்பந்திக்காதே என்ற பாடத்தை மேலே பார்த்து ஒப்பிக்க எங்களுக்குப் பயிற்சி தேவையே இல்லை, அது ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. பக்கத்தில் திரும்பிப் பேசத்தான் வரவில்லை. தலைவர்கள் மேடையில் 'அணிதிரள்வீர்' என்று அழைப்பதும் எனக்கு இப்போது வேறு மாதிரிக் கேட்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எந்த நாள் ஒத்துவரும் என்று ஒவ்வொருத்தராகக் கேட்டேன். கேட்கிறதுக்கே நாக்கு கொஞ்சம் தடுமாறியது. மூணு பேருக்கு அடுத்த திங்கள் ஷிப்ட் இல்லை. இரண்டு பேர் மாத்திக்கொள்கிறேன் என்றார்கள். ஒரு அக்கா, "நான் வரல, எனக்கு பயமாக்கீது" என்றாங்க. சரி என்றேன்.

மனு இன்னும் எழுதவில்லை. சர்வே நம்பரை மட்டும் மேலே எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே என்ன போடலாம் என்று கேட்டதற்குப் பெரியம்மா, "மொதல்ல உங்க நைனா கடைசியா எழுதனாரே, அத்தப் படி. கேப்போம்" என்றாங்க.